என் பெயர் ஒட்டிய எரர்

போன வாரம் கொல்லிமலையில் உட்கார்ந்து ஒரு வெள்ளைப் பக்கத்தையே வெறித்துக்கொண்டிருந்தேன். நானே கட்டிய இணையதளம்தான்... உள்ளே ஒன்றுமே இல்லை.

வாழவந்தி நாட்டு மிளகு விவசாயிகள் குழுவுக்காகச் செய்தது. யாரிடம் எத்தனை மூட்டை இருக்கிறது என்ற பட்டியலை அது காட்ட வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் அடிவாரத்து வியாபாரி பஷீர் பாய் லாரியை மேலே அனுப்புவார். பதினொரு மணிக்குள் பட்டியல் தெரியாவிட்டால் லாரி வேறு பக்கம் போய்விடும். மணி பத்தரை.

பக்கத்தில் குழுவின் செயலாளர் வசந்தா. கம்ப்யூட்டர் படித்துவிட்டு மிளகு போடுகிறவர். “எரர் வந்தா நெட்ல தேடிக் குடுக்கற சின்ன ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி ஒண்ணு இருக்குதுங்க சார், சேத்துக்கலாமுங்களா?” என்று முதல் நாளே கேட்டிருந்தார். நான் ஒப்புக்கொள்வேனா? “எனக்கெதுக்கும்மா அதெல்லாம்?” என்று சிரித்திருந்தேன்.

இப்போது சிரிப்பு வரவில்லை. சிவப்பு எழுத்தில் வந்த எரரை அப்படியே காப்பி செய்து தேடினேன் — ‘வாழவந்தி மிளகு’ என்ற என் ஃபைல் பெயரோடு சேர்த்து. என்ன கிடைத்தது தெரியுமா? வாழவந்தி பஸ் நேரம்.

வசந்தா எட்டிப் பார்த்தார். “ஏனுங்க சார், பஸ் ஏறி ஓடிரலாம்னு பாக்கறீங்களா?”

“லைப்ரரியப் போடும்மா” என்றேன்.

யாரோ முன்பே எழுதிவைத்த குட்டியூண்டு புரோகிராம்தான் அந்த லைப்ரரி. எரரிலிருந்து நம் ஃபைல் பெயர், நாம் வைத்த பெயர்கள் எல்லாவற்றையும் உதறிவிட்டு, மிச்சத்தை மட்டும் தேட ஒரு லிங்க் தருகிறது. அழுத்தினோம். எங்கெங்கோ இருக்கிற எத்தனையோ பேர் இதே தவறைச் செய்து, புலம்பி, பதிலும் வாங்கியிருந்தார்கள். என் தவறு இதுதான்: பட்டியல் நெட் வழியாக வந்து சேருவதற்கு முன்பே அதைக் காட்டும்படி பக்கத்துக்குச் சொல்லியிருக்கிறேன். என் வீட்டு வேக நெட்டில் ஒளிந்திருந்த தவறு, மலையின் மெதுவான சிக்னலில் மாட்டிக்கொண்டது.

“வர்ற வரைக்கும் பொறுக்கச் சொல்லோணும், அவ்வளவுதானுங்க.” வசந்தா இரண்டு வரி சேர்த்தார். பட்டியல் திரையில் வந்து விழுந்தது. போனில் பஷீர் பாய்: “தெரியுதுங்கம்மா. வண்டி கிளம்பிருச்சு.”

‘எனக்கு மட்டும் ஏன் இப்படி?’ என்று நாம் புலம்புகிற கஷ்டங்களும் இப்படித்தானோ? நம் பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டுப் பார்த்தால், அதே கஷ்டத்தைத் தாண்டி வந்தவர் யாராவது ஒருவர் பதிலோடு நிற்கிறார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் என் பெயரை மட்டும் போட்டுத்தான் தேடுவாளாம்... எல்லாத் தவறும் உடனே கிடைத்துவிடுகிறதாம்.