வெள்ளையாக விட்ட சரிவுகள்

1. சும்மா கிடக்கிற இடம்

மரம் இருந்தால் கலர், இல்லாவிட்டால் வெள்ளை. கோவையில் காட்டு வரைபடம் போடும் ஆபீசில், வரைபடங்களைப் படியெடுத்துக் கலர் பூசும் டிரேஸராகச் சேர்ந்த முதல் நாள் எனக்குச் சொல்லித் தந்த பாடம் இவ்வளவுதான். தேக்குக்கு ஒரு கலர், மூங்கிலுக்கு ஒரு கலர். விற்க மரமில்லாத புல்வெளி வெள்ளையாகவே கிடக்கும். அறுபதுகளின் தொடக்கம் அது. கலர் வழியாமல் பூசத் தெரிந்த பெருமையில், வெள்ளையைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

ஆபீசர் யோசித்தார். வால்பாறைக்கு மேலே வெள்ளையாகத் தெரிந்த சரிவுகளைப் பென்சிலால் வளைத்தார். தோல் பதனிடப் பட்டை தரும் வாட்டில் மரத்தை அங்கே நடலாம், சும்மா கிடக்கிற இடம்தானே என்றார். கெட்டவரல்ல. வரைபடம் சொன்னதை நம்பினார், அவ்வளவுதான்.

2. புல்லுக்கு ஒரு கலர்

செய்தி கேட்டு அந்த மலையின் ரேஞ்சர் பழனிச்சாமி முதல் பஸ்ஸில் இறங்கி வந்துவிட்டார். ஆள் ஆஜானுபாகு, பேச்சு வெண்ணெய். என் மேஜையிலிருந்த வரைபடத்தின் வெள்ளையை விரலால் தடவினார்.

“ஏனுங்க அம்மணி, இங்கதானுங்க வரையாடு குட்டி போடுது. புல்லு போச்சுன்னா அதுக எங்கீங்க போகும்? புல்லுக்கும் ஒரு கலர் வெச்சா ஆகாதுங்களா?”

ஆகாது. புதுக் கலர் சேர்க்க எனக்கு அதிகாரமில்லை. ஆனால் பெயர் எழுதலாம்; பெயருள்ள இடத்தைச் சும்மா கிடக்கிறது என்று சொல்ல முடியாதே. அங்கே வாழ்கிறவர்கள் ஓர் இடத்துக்கு வழங்கும் பெயரை ரேஞ்சர் உறுதி செய்தால் வரைபடத்தில் ஏற்றுவது ஆபீஸ் வழக்கம். அதைச் சொன்னதும் மனிதர் டீகூடக் குடிக்காமல் மலையேறிவிட்டார்.

3. பெயர்கள்

மலையில் வாழும் பழங்குடிகளான முதுவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு அடுத்த வாரமே வந்து நின்றார். குட்டிப்பாறை, உப்புச்சரிவு, மஞ்சுமேடு என்று அவர் சொல்லச் சொல்ல மையால் எழுதினேன். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தாயாட்டைக் காப்பாற்றியதுபோல் மனசு நிறைந்தது. ஒரே ஒரு சரிவு மிஞ்சியது. அதற்கு முதுவர்களும் பெயர் வைத்திருக்கவில்லை.

“ஏதாச்சும் ஒண்ணு எழுதிப்போடுங்க அம்மணி. ஆரு பாக்கப்போறாங்க?”

“ஒண்ணு பொய்யின்னு தெரிஞ்சா மத்ததையும் நம்பமாட்டாங்கங்க” என்றேன்.

அவர் கண் கலங்கியது. என் கண்ணும்தான்.

ஆபீசர் புது வரைபடத்தைப் பார்த்து, இத்தனை பெயர் இருக்கிற இடத்தில் யாராவது குடியிருக்கிறார்களா என்று கேட்டார். ரேஞ்சர் அவரை நேரிலேயே கூட்டிப்போனார். முதுவர் ஒருவர் முன்னால் நடந்து, ஒவ்வொரு பெயருக்கும் உரிய இடத்தைக் காட்டினாராம். குட்டிகளையும் காட்டினாராம். திரும்பி வந்த ஆபீசர், பெயருள்ள சரிவுகளைச் சுற்றியிருந்த கோட்டைத் தானே ரப்பரால் அழித்தார். பெயரில்லாத அந்த ஒன்றை மட்டும் அழிக்கவில்லை.

4. கடைசிச் சரிவு

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ஓர் இடத்தை வெள்ளையாக விடுமுன் அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். கலர் இல்லையென்றால் கலர் கேட்டுச் சண்டை போடுங்கள்.

ஓய்வு பெற்றபின் ஒருமுறை அந்த மலைக்குப் போனேன். குட்டிப்பாறையில் தாயும் குட்டியும் மேய்ந்தன. பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்துச் சரிவில் புல் இல்லை, ஆடும் இல்லை, முழுக்க மரம். அது என்ன இடம் என்று வழிகாட்டக் கூட வந்த பெண்ணிடம் கேட்டேன்.

“அதுங்களா, வாட்டில்காடுங்க” என்றாள்.