எரிந்த கஞ்சி

சேலத்தில் ஒரு வளவில் ஐந்து குடித்தனங்கள் இருந்தோம். ஒரே தெருவாசல், ஒரே கிணறு, ஒரே சாக்கடை. அந்தச் சாக்கடை என் வீட்டருகே தொடங்கி, எல்லார் வாசலையும் தொட்டுக்கொண்டு, கடைசி வீட்டு நெசவாளியின் வாசலுக்குப் பக்கத்தில் மதில் சுவரின் ஓட்டை வழியாக வெளியே போகும். அதன் போக்கை இவ்வளவு விவரமாகச் சொல்லக் காரணம், நான் செய்த அயோக்கியத்தனமும் அதே வழியில் போனதுதான்.

நான் அப்போது உயர்நிலைப் பள்ளியில் சயன்ஸ் வாத்தியார். பட்டங்களை எழுதிய பலகை ஒன்று என் வாசலில் தொங்கும். யுத்த காலம். ஏற்காட்டில் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவைக் காலி செய்தபோது சாமான்களை ஏலம் விட்டார்கள். அங்கே எட்டுக் கண்ணாடித் தம்ளர்களை வாங்கினேன். மெழுகு ஊற்றித் திரி போட்டு எரித்தவை. அடியில் ஒரு விரற்கடை மெழுகு மிச்சம் இருந்தது. அதை எடுத்துவிட்டால் வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னால் கண்ணாடியில் காபி குடிக்கலாம் என்று ஆசை.

என் மனைவிக்கு மெழுகுவர்த்தி என்றாலே ஆகாது. "அது மாட்டுக் கொழுப்புங்க. என்ற ஊட்டுக்குள்ள அது வந்துச்சுன்னா நான் எங்கப்பன் ஊட்டுக்குப் போயிருவேன்" என்று முன்பே சொல்லியிருந்தாள். நல்லவேளையாக அவள் வெண்ணந்தூரில் தங்கை கல்யாணத்துக்குப் போயிருந்தாள். திரும்பி வருவதற்குள் தடயமில்லாமல் முடிக்க வேண்டும்.

முதலில் பேனாக்கத்தியால் சுரண்டினேன். மெழுகு வரவில்லை, கத்தியின் முனை போயிற்று. பிறகு ஒரு தம்ளரில் கொதிக்கும் நீரை ஊற்றினேன். திடீர்ச் சூட்டில் கண்ணாடி விரிசல் விடும் என்று வருஷா வருஷம் பாடம் நடத்துகிறவன் நான். பாடத்தில் சொன்னபடியே விரிசல் விட்டது. மற்ற ஏழு தம்ளர்களையும் பச்சைத் தண்ணீரில் வைத்து மெல்லச் சூடேற்றினேன். அதற்கு அகப்பட்ட பாத்திரம் என் மனைவி சோறு வடிக்கும் குண்டான். மெழுகு உருகி மேலே மிதந்தது. தம்ளர்களை இடுக்கியால் வெளியே எடுத்துவிட்டேன். இனி ஆறவிட்டால் மெழுகு அப்பளம்போல் உறையும், அலுங்காமல் எடுத்துவிடலாம்.

அந்த நேரத்தில் தெருவில் குதிரை வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. குண்டானைத் தூக்கி அப்படியே சாக்கடையில் கவிழ்த்தேன்.

வந்தது அவள் அல்ல, யாரோ. அவள் மறுநாள்தான் வந்தாள். வந்ததும் கேட்டாள்: "குண்டானுக்கு என்னங்க பண்ணுனீங்க? தண்ணி ஒட்டாம உருண்டு ஓடுது!"

"புளி போட்டுத் தேய்ச்சேன். அவ்வளவு சுத்தம்."

புருஷன் பாத்திரம் தேய்த்த பெருமையை அவள் வளவு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

தை மாதக் குளிர். இரண்டு நாளில் சாக்கடை எதிர்த்து வந்து ஐந்து வாசலிலும் ஏறியது. வீட்டுக்காரர் குச்சியை விட்டுக் குத்தியபோது மதில் ஓட்டையிலிருந்து வெள்ளையாக ஒரு கட்டி வந்தது. வளவில் வெள்ளையாக எதையாவது ஊற்றுகிறவர் நெசவாளி ஒருவர்தான். தறியில் ஏற்றும் பாவு நூல் விறைப்பாக நிற்கப் போட்டு மீந்த கஞ்சியை அவர் வீட்டில் சாக்கடையில் கொட்டுவார்கள்.

"அவிக ஊத்தற கஞ்சியில ஆனையே வழுக்கி உழுந்துரும்" என்றாள் பக்கத்து வீட்டு அம்மாள்.

"கஞ்சின்னா சுடுதண்ணியில கரையோணுமுங்களே" என்றார் நெசவாளி.

"உனக்கென்னய்யா தெரியும்? படிச்சவுங்க இருக்காங்க. சார், நீங்க பாத்துச் சொல்லுங்க" என்று வீட்டுக்காரர் கட்டியை என் கையில் வைத்தார்.

நான் முகர்ந்தேன். நகத்தால் கீறினேன். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டேன். உள்ளே குண்டானில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

"நாள்பட்ட கஞ்சி, குளிரில் இறுகினால் இப்படித்தான் ஆகும்" என்றேன்.

உலகத்தில் எந்தப் புத்தகத்திலும் இல்லாத விதி அது. அயோடின் பட்டால் கஞ்சி நீலமாகும் என்று அதே வாரம் வகுப்பில் செய்து காட்டினேன்.

வீட்டுக்காரர் நெசவாளியைக் காலி செய்யச் சொன்னார். நான் குறுக்கே புகுந்து, கஞ்சியைத் தெருக்கோடிப் பள்ளத்தில் கொண்டுபோய்க் கொட்டினால் போதும் என்று சமாதானம் செய்தேன். என் கருணையை வளவே புகழ்ந்தது.

அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் நெசவாளி என் வாசலுக்கு வந்தார். கையில் ஒரு கொட்டாங்குச்சி. அதில் அந்தக் கட்டி; நடுவே முறுக்கிய நூல்; நூலின் நுனியில் அழகான சுடர்.

"வாத்தியாரய்யா, எங்கூட்டுக் கஞ்சி எரியுதுங்க."

விரலாலேயே அணைத்தேன், சுட்டுவிட்டது. "மெதுவாப் பேசுப்பா. உள்ள இருக்கா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அம்மாளுக்குப் பயமுங்களா?"

"ஆமா."

"எனக்கும் என்ற ஊட்டுக்காரிக்குப் பயந்தானுங்க. கைக்கொழந்தைய வெச்சுக்கிட்டுக் கொடம் சொமக்கப்போறவ அவ. அவகிட்ட என்னன்னு சொல்றது?"

"ஒரு வாரம் பொறு. வீட்டுக்காரர்கிட்ட நானே சொல்லிடறேன்."

அவர் சரியென்று போய்விட்டார். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பலகை மாட்டியவனை விட்டு அவரை யார் நம்பியிருப்பார்கள்?

அந்த வாரம் ஒன்றரை வருஷம் நீண்டது. கிணற்றடியில் பார்த்தால், "வாரம் ஆச்சுங்களா, சாமி?" என்பார். சில நாள் சிரித்துக்கொண்டு கேட்பார். சில நாள் சிரிக்காமல். அவர் மனைவி காலையும் மாலையும், இடுப்பில் ஒரு பக்கம் குழந்தையும் மறுபக்கம் கஞ்சிக் குடமுமாக, என் ஜன்னலைக் கடந்து போவாள். நான் ஜன்னலைச் சாத்திக்கொள்ளப் பழகினேன். புத்தகங்களுக்குப் பின்னால் ஒளித்த ஏழு தம்ளர்களில் ஒருநாளும் காபி குடிக்கவில்லை.

நாமக்கல்லுக்கு மாற்றலானது. வண்டியில் சாமான் ஏற்ற வளவே கூடியது. புத்தகப் பெட்டியை நெசவாளி தூக்கினார். உள்ளே கண்ணாடி கிணுங்கியது. அவர் நின்றார்.

"இன்னைக்கு என்ன கெழமைங்க?"

"வெள்ளி. ஏன்?" என்றார் வீட்டுக்காரர்.

"வாரம் முடியுதான்னு பாத்தனுங்க" என்று சொல்லி, பெட்டியை அலுங்காமல் வண்டியில் வைத்தார்.

எல்லாரும் இருந்தார்கள். ஒரு வாக்கியம் போதும்: அது மெழுகு, ஊற்றியது நான். வாயைத் திறந்தேன். "எல்லாரும் நாமக்கல் பக்கம் வந்தா வாங்க" என்றேன்.

தெருக்கோடியில் எங்களுக்கு முன்னால் நெசவாளியின் மனைவி குடத்தோடு போய்க்கொண்டிருந்தாள். வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். "போய்ட்டு வாங்க, சாமி" என்றாள். கஞ்சி தளும்பி அவள் புடவையில் வழிந்தது.