சாந்தி ஆன்ட்டியின் முதலாம் ஆண்டு

பொள்ளாச்சியில் பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்து, கல்யாணமாகி ஹூஸ்டன் வந்து, ஒரு குழந்தைக்கும் தாயான சாந்திக்கு முப்பத்தொரு வயதிலும் டாக்டர் ஆசை விட்டபாடில்லை. தொண்ணூற்றாறில் கிரீன் கார்டு கைக்கு வந்ததும், பல்கலைக்கழக ஆலோசகரிடம் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த அம்மாள் ஒளிக்காமல் சொன்னார். மருத்துவக் கல்லூரிகள் முதலில் பார்ப்பது இளநிலை அறிவியல் மதிப்பெண்ணை. இந்திய மதிப்பெண்ணைப் பல கல்லூரிகள் கணக்கிலேயே எடுப்பதில்லை. மேலே எம்.எஸ். என்று முதுநிலைப் பட்டம் வாங்கினாலும் அந்த மார்க் தனிக் கணக்கு, இளநிலையோடு சேராது. கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் எல்லாம் அடியிலிருந்து இங்கே படித்துக் காட்ட 'போஸ்ட்-பேக்' என்று ஒரு வழி உண்டு. ஆனால் பட்டம் கிடைக்காது.

கணவர் மயில்சாமிக்கு அங்கேதான் இடித்தது. அவளுக்கு ஏற்கெனவே எம்.எஸ். இடம் வேறு கிடைத்திருந்தது. ஜூன் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"டிகிரி முடிச்சவ மறுபடியும் ஃபர்ஸ்ட் இயர்ல உக்காந்தா, அரியர் எழுதறாப்பல இருக்குது சாந்தி. எம்.எஸ்.னா நாலு பேருகிட்டச் சொல்லிக்கலாம்."

"அந்த நாலு பேரா எனக்கு சீட் தரப் போறாங்க?" என்று கேட்டாளே தவிர, அவளுக்கும் உள்ளுக்குள் உதறல்தான். கோடை வகுப்பில் கெமிஸ்ட்ரி மட்டும் எடுத்துப் பார்த்தாள். முதல் நாளே பின்னாலிருந்து ஒரு குரல்: "சாந்தி ஆன்ட்டி! ஆர் யூ இன் திஸ் கிளாஸ்?" குடும்ப நண்பர் சேனாபதியின் மகள் பிரீத்தி. பதினெட்டு வயதுப் பிள்ளைகள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மானமே போயிற்று. பேசாமல் எம்.எஸ்.ஸிலேயே சேர்ந்துவிடலாம் என்று அன்றைக்கு நினைத்தாள்.

பதில் சொல்ல ஒரு நாள்தான் பாக்கி. இருவரும் ஹில்கிராஃப்ட் தெரு இந்திய மளிகைக் கடைக்குப் போனபோது சேனாபதியே எதிரே வந்தார்.

"என்ன மயில்சாமி, எம்.எஸ்.னு சொன்னீங்க? சாந்தி எங்க பாப்பா கிளாஸ்ல இருக்குதாமே?"

மயில்சாமியின் முகம் சுருங்கிற்று. "அட, அது சும்மா டைம்பாஸுக்குங்க."

டைம்பாஸாம்! குழந்தையை டேகேரில் விட்டு, இரண்டு பஸ் மாறிப் போய்ப் படிப்பது இவருக்கு டைம்பாஸா? சாந்திக்குச் சுருக்கென்றது. வகுப்பில் பட்ட வெட்கமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"டைம்பாஸ் இல்லீங்கண்ணா. டாக்டராகறதுக்குத்தான் படிக்கறேன். ஃபர்ஸ்ட் இயர்ல இருந்து."

சேனாபதி சிரித்துவிட்டார். "அப்படிப் போடு! அப்ப எங்க பிரீத்தியையும் பக்கத்துல உக்கார வெச்சுக்கம்மா. மொத டெஸ்ட்லயே கோட்டை விட்டுட்டா."

 வீடு திரும்ப ஃப்ரீவேயில் ஏறிய பிறகுதான் மயில்சாமி கேட்டார்.

"அந்த எம்.எஸ்.காரங்களுக்கு நானே போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிரட்டுமா?"

"வேண்டாங்க. நீங்க வேற ஏதாச்சும் சொல்லி வெப்பீங்க. நானே சொல்லிக்கறேன்."