ஆயுள் வரை குடியிருக்க

சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திர எழுத்தர் கடகடவென்று வாசித்ததில் யூனிஸின் மனதில் ஒரு வரிதான் தங்கியது. ‘என் மனைவி யூனிஸ், தன் ஆயுள் உள்ள வரை மேற்படி வீட்டில் யாதொரு தடையுமின்றிக் குடியிருந்து வர வேண்டியது.’ அதற்கு முன்னும் பின்னும் சர்வே எண்களும் நான்கு எல்லைகளும் இருந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவர் செல்லதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி அவளைப் பார்த்துத் தலையசைத்தார். கணக்கைச் சரியாகப் போட்டு முடித்த வாத்தியாரின் திருப்தி அந்த முகத்தில் தெரிந்தது.

குன்னூரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். யூனிஸ் அதே பள்ளியின் மாணவியர் விடுதியில் மேட்ரனாக இருந்தவள். அவருடைய முதல் மனைவி இறந்து ஐந்து வருடம் கழித்து, விடுதியை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்த சமயத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து படியிறங்கும்போது அவர் கேட்டார்.

“விடுதிய மூடிட்டா எங்கீங்க போவீங்க?”

“தெரியலீங்க சார்.”

“எங்க ஊட்ல ரெண்டு ரூம் சும்மாதான் கெடக்குது. போதகர்கிட்ட பேசட்டுங்களா?”

அவளுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. அவருக்கு அறுபத்து மூன்று. கல்யாணமான பிறகும் அவள் அவரை சார் என்றுதான் கூப்பிட்டாள். அவரும் அவளை வாங்க போங்க என்றே பேசினார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருந்திருக்கலாம். அவர்கள் இருவருக்கும் அது பொருத்தமாகவே இருந்தது.

யூனிஸ் பிறந்தது சேரங்கோடு பக்கத்தில் ஒரு எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடு ஒன்றில். இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். அப்பா வேலையில் இருந்தவரை அந்த ஒற்றை அறையும் அடுப்படியும் அவர்களுடையவை. அவர் ஓய்வு பெற்ற மாதம் சாமான்களை ஜீப்பில் ஏற்றி, நெல்லியாளத்தில் ஒரு சித்தப்பா வீட்டுக் கொட்டகையில் இறக்கினார்கள். அம்மா வைத்து வளர்த்த சவ்சவ் கொடியை அப்படியே விட்டுவிட்டு வந்ததற்காக அம்மா வெகுநாள் புலம்பினாள். அதன் பிறகு யூனிஸுக்கு விடுதி அறை. வேலை போனால் அறையும் போகும். ஆகையால் ‘ஆயுள் உள்ள வரை’ என்று ஒரு அரசாங்க முத்திரைக் காகிதம் சொன்னபோது, அதைவிடப் பெரிய உரிமை உலகத்தில் இருக்கக்கூடும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அந்தப் பத்திரம் எழுதக் காரணம் சுபின். செல்லதுரையின் ஒரே மகன். கோயம்புத்தூரில் மனைவி ஆஷ்லியோடு இருந்தான். அவனைக் கெட்டவன் என்று சொல்ல யூனிஸுக்கு ஒருநாளும் வாய் வந்ததில்லை. நிலம் செல்லதுரை பேரில் இருந்தாலும், அந்த வீடு அவனுடைய அம்மா நர்ஸ் வேலை பார்த்துக் கட்டியது. அஸ்திவாரம் போட்டபோது பகல் முழுக்க வார்டில் நின்றுவிட்டு, சாயங்காலம் வந்து செங்கல்லுக்குத் தண்ணீர் விட்டவள் அவள். அந்த வீட்டில் வேறொருத்தி நிலைப்படியில் நின்று வாங்க என்று சொல்வதை அவனால் தாங்க முடியவில்லை. வந்தால் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே பேசிவிட்டுப் போனான். யூனிஸை ஆன்ட்டி என்றான்.

இருவருக்கும் நியாயம் செய்ய நினைத்தார் செல்லதுரை. வீட்டையும் நிலத்தையும் மகன் பேருக்கு எழுதினார். தனக்கும் தனக்குப் பின் யூனிஸுக்கும் குடியிருக்கும் உரிமையை மட்டும் ஒதுக்கிக்கொண்டார். பதிவு முடிந்து டீ குடிக்கும்போது, “இனி உங்கள யாரும் வெளிய போங்கன்னு சொல்ல முடியாதுங்க” என்றார். மூன்று வருடம் கழித்து, ஒரு ஜனவரி உறைபனிக் காலையில், காதில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டே நாற்காலியில் சரிந்து இறந்துபோனார்.

சுபின் அடக்கத்துக்கு வந்தான். காரியங்களை முறையாகச் செய்தான். வரி ரசீதைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டான். அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தொல்லை மழையில்தான் ஆரம்பித்தது. வீடு சரிவில் இருந்தது. பின்பக்கம் மண்மேட்டைத் தாங்கி நின்ற பழைய கல் தடுப்புச் சுவர், அந்த வருடம் ஐப்பசி மழையில் வயிறு புடைத்தது போல முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. சங்கிலி என்ற கொத்தனாரை அழைத்துக் காட்டினாள். அவர் கல்லுக்குக் கல் கையை வைத்து அழுத்திப் பார்த்தார்.

“இது நிக்காதுங்கம்மா. பிரிச்சுப் போட்டு மறுபடி கட்டோணும். ஆனா மலையில சும்மா கட்ட உட மாட்டாங்க. பர்மிஷன் வேணும். ஊட்டுக்காரர் கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுக்கோணுங்க.”

“நான்தான ஊட்ல இருக்கேன்?”

“இருக்கறது வேறீங்க. பேரு யாருதுன்னு பாப்பாங்க.”

அவள் சுபினுக்குப் போன் செய்தாள். அவன் பொறுமையாகக் கேட்டான். “பாக்கலாங்க ஆன்ட்டி” என்றான். அடுத்த மாதமும் பார்க்கலாம் என்றான். மூன்றாம் முறை அழைத்தபோது, “எதுக்குங்க அந்தப் பழைய ஊட்ல கொண்டுபோய்க் கொட்டறது? இங்க கோயம்புத்தூர்ல ஒரு ரூம் பாத்துத் தர்றேன். வசதியா இருங்க. உரிமைய விட்டுத் தர்றேன்னு ஒரு விடுதலைப் பத்திரத்துல மட்டும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க” என்றான்.

அறை யார் பேரில் இருக்கும் என்று கேட்க நினைத்து, கேட்காமல் வைத்துவிட்டாள்.

அடுத்த வருட மழையில் சுவரின் பாதி சரிந்தது. பின் அறையில் ஈரம் இறங்கி, செல்லதுரையின் புத்தக அலமாரி பூஞ்சை பிடித்தது. அவள் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து முன் அறைக்குக் கொண்டுவந்து அடுக்கினாள். ஓட்டுக் கூரையில் நாலைந்து இடத்தில் ஒழுகியது. பாத்திரங்களை வைத்தாள். மேல்வீதியில் இருந்த மூக்கம்மா, எஸ்டேட்டுக்கு இலை பறிக்கப் போகிறவள், இறங்கி வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தபடி நின்றாள்.

“அக்கா, நம்ம ஊட்டுக்கு வந்துருங்க. பின்னால ரூம் இருக்குது.”

“நான் வெளிய வந்துட்டா உரிமை போயிருமோன்னு பயமா இருக்கு மூக்கம்மா.”

கடைசியில் சங்கிலிதான் துணிந்தார். மழை விட்ட மாசி மாதத்தில், சத்தமில்லாமல் மூன்று நாளில் கட்டிவிடலாம் என்று ஆட்களோடு வந்தார். அஸ்திவாரம் தோண்டி முதல் வரிசைக் கல் வைத்தார்கள். இரண்டாம் நாள் பதினொரு மணிக்கு நகராட்சி அலுவலகத்திலிருந்து இருவர் வந்து வேலையை நிறுத்தச் சொன்னார்கள். அனுமதியில்லாத கட்டுமானம் என்று புகார் வந்திருக்கிறதாம்.

“யாருங்க குடுத்தாங்க?” என்று யூனிஸ் கேட்டாள்.

அதிகாரி தயங்கினார். பிறகு கையில் இருந்த மனுவை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். கீழே இருந்த கையெழுத்து யாருடையது என்று, பெயரைப் படிக்கும் முன்பே அவள் தெரிந்துகொண்டாள். முதல் எழுத்தை வளைத்து மேலே கொண்டுபோய் அடிக்கோடாக இழுக்கும் அந்தப் பழக்கம் செல்லதுரையுடையது. அவர் தன் மகனுக்குக் கைபிடித்துச் சொல்லிக்கொடுத்திருப்பார்.

சங்கிலி கரணையைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். தோண்டிய குழி அப்படியே திறந்து கிடந்தது.

அதற்குப் பிறகுதான் அவள் வக்கீலிடம் போனாள். கீர்த்திவாசன் என்று ஒருவர். ஊட்டியில், நீதிமன்றம் போகும் வழியில், மாடியில் அலுவலகம். பத்திரத்தை இரண்டு முறை வாசித்தார்.

“உங்க கணவர் உங்களுக்கு நல்லதுன்னு நெனச்சுத்தாங்க எழுதியிருக்காரு. ஆனா ஒண்ணு சொல்லட்டுங்களா? அவரு எதுவுமே எழுதாம செத்துப்போயிருந்தா, கிறிஸ்தவங்களுக்கான சட்டப்படி மூணுல ஒரு பங்கு உங்களுக்கு முழு உரிமையா வந்திருக்கும். மீதி ரெண்டு பங்குதான் பையனுக்கு.”

யூனிஸ் ஜன்னல் பக்கம் பார்த்தாள். எதிர்க்கட்டிடத்தின் மேல் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. அந்த மூன்றில் ஒன்று என்பது வீட்டின் எந்தப் பகுதியாக இருந்திருக்கும் என்று அவள் மனம் யோசித்தது. சமையலறையும் முன் அறையும் இருக்கலாம்.

“அவருக்கு இது தெரிஞ்சிருக்காதுங்களா?”

“தெரிஞ்சிருக்காதுங்க.”

அந்தப் பதிலை அவள் அப்படியே பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் திரும்பும்போது அதையே மறுபடி மறுபடி தனக்குள் சொல்லிப் பார்த்தாள். தெரிந்தே எழுதியிருப்பாரோ என்ற இன்னொரு கேள்வி லவ்டேல் தாண்டும்போது எழுந்தது. அன்றிலிருந்து அது அவளை விட்டுப் போகவில்லை.

சுவரைக் கட்ட உரிமை கேட்டு வழக்குப் போட்டார்கள். வாய்தா மேல் வாய்தா போனது. அடுத்த கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் ஆராதனையில் இருந்த நேரம், மேடு இறங்கிப் பின் அறையை வாரிக்கொண்டு போனது. கூட்டம் கூடியிருந்தது. அவள் சர்ச் சேலையோடு சேற்றில் நின்று பார்த்தாள். முன் அறை நின்றுகொண்டிருந்தது. ஆனால் சுவரில் ஒரு கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. மறுநாள் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆபத்தான கட்டிடம், உடனே காலி செய்ய வேண்டும்.

நோட்டீஸ் ஒட்டவந்த ஊழியரிடம் அவள் கேட்டாள். “நான் இப்ப வெளிய போனா, திரும்பி வர்ற உரிமை எனக்கு இருக்குதுங்களா?”

அவர் பசை டப்பாவை மூடினார். “அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதுங்கம்மா. உயிரு முக்கியமில்லீங்களா.”

மூக்கம்மாவின் பின் அறைக்குப் போனாள். ஆனால் தினமும் காலையில் இறங்கி வந்து, வெடித்த வீட்டின் அடுப்படியில் ஒரு ஆழாக்கு அரிசி வடித்து, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனாள். குடியிருக்கிறேன் என்பதற்கு அதுதான் சாட்சி என்று அவள் நினைத்தாள். மூக்கம்மா திட்டிப் பார்த்தாள். சுவர் மேலே விழும் என்றாள். யூனிஸ் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள். அப்படி நான்கு மாதம். சித்திரையில் சுபின் இடிக்க அனுமதி வாங்கி வந்தான். ஆபத்தான கட்டிடத்தை இடிப்பதை யாரும் தடுக்கவில்லை. வக்கீல் கீர்த்திவாசன் மனுப் போடுவதற்குள் ஜேசிபி இரண்டு மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டது. அவள் மேல்வீதியிலிருந்து பார்த்தாள். ஓடுகள் நொறுங்கிய சத்தத்தைவிட, அடுப்படியின் நீல டிஸ்டெம்பர் சுவர் வெட்டவெளியில் எல்லோர் கண்ணிலும் பட நின்றதுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வீடு போனபின் வீட்டில் குடியிருக்கும் உரிமை என்ன ஆகும்? கீர்த்திவாசன் நிலத்தின் மேல் நிற்கும் என்று வாதாடினார். எதிர்த்தரப்பு வக்கீல் நிற்காது என்றார். தீர்ப்பு வரவில்லை. ஆனால் வில்லங்கச் சான்றில் யூனிஸின் பெயர் இருந்தது. அவள் உயிரோடு இருக்கும்வரை அந்த இடத்தை வாங்க யாரும் முன்வரவில்லை.

அதற்காகத்தான் சுபின் ஒருநாள் மூக்கம்மா வீட்டுக்கு வந்தான். இளைத்திருந்தான். கன்னத்தில் நரை. முதல்முறையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். வியாபாரம் நொடித்துப்போன கதையைச் சுருக்கமாகச் சொன்னான். மகள் அலீனாவின் படிப்பு நடுவில் நிற்கிறது என்றான். யூனிஸ் டீ போட்டுக் கொடுத்தாள்.

“அந்த மனுவ நீங்க ஏன் குடுத்தீங்க சுபின்?” என்று கேட்டாள்.

அவன் டம்ளரைப் பார்த்தான். “அம்மா கட்டின ஊடுங்க. நீங்க கல்லு வெச்சுக் கட்டினா அது உங்க ஊடு ஆயிரும்னு தோணுச்சு.”

“அதுக்கு இடிஞ்சு போறது பரவால்லீங்களா?”

அவன் தரையைப் பார்த்தபடி கேட்டான். “இன்னும் எத்தன நாளைக்குங்க ஆன்ட்டி?”

கேட்டபின்தான் தான் கேட்டது என்ன என்று அவனுக்கு உறைத்தது. முகம் கறுத்துப்போனது. “நான் அப்படிக் கேக்க வரலீங்க. கேஸு எத்தன நாளைக்குன்னு…”

“எனக்கும் தெரியாதுங்க தம்பி” என்றாள் யூனிஸ்.

அவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான். கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று அன்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது உண்மை. அலீனாவை நினைத்துத் தோன்றியது. ஆனால் அவள் வாழ்க்கையில் அவளுக்கென்று எழுத்தில் வந்தது அந்த ஒரு வரிதான். அதை அடித்துவிட்டால், சார் அவளைப் பற்றி எதுவுமே எழுதவில்லை என்று ஆகிவிடும்.

அடுத்த குளிர்காலத்தில் அவளுக்கு மூச்சிரைப்பு வந்தது. படியேறினால் நெஞ்சு அடைத்தது. அதே சமயம் நிலப் புரோக்கர் ஒருவர் சர்ச் வாசலில் நின்று, அந்தம்மா உடம்பு எப்படி இருக்குது என்று இரண்டு மூன்று பேரிடம் விசாரித்ததாகச் செய்தி வந்தது. மூக்கம்மாவிடமும் கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து யூனிஸ் யார் முன்னாலும் இருமுவதில்லை. சர்ச் படிகளில் பேச்சுக்கு நிற்பது போல நடுவில் நின்று, பூக்களைப் பார்ப்பது போல இளைப்பாறி ஏறினாள். குன்னூரில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் தெரிந்த முகம் இருக்கும். ஆகையால் மாதத்தில் ஒரு புதன்கிழமை முதல் பஸ்ஸில் ஊட்டிக்குப் போய், அங்கே வரிசையில் நின்று மாத்திரை வாங்கி வந்தாள். மாத்திரைகளைப் பழைய டீத்தூள் டப்பாவில் கொட்டி வைத்துக்கொண்டு அட்டைகளைப் பஸ் ஸ்டாண்டிலேயே போட்டுவிடுவாள்.

போன புதன்கிழமை திரும்பி வர மத்தியானமாகிவிட்டது. மூக்கம்மா வாசலில் இலைக்கூடையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“காலைல இருந்து காணமே, எங்கக்கா போனீங்க?”

“சோலூர்ல ஒரு சொந்தக்காரங்க. பாத்துட்டு வந்தேன்.”

“உங்களுக்கு சோலூர்ல யாருக்கா?”

யூனிஸ் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தி, மூச்சு ஒரு நிலைக்கு வரும்வரை ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்தாள்.