நான் எடுத்துக் கொடுத்த வசனம்

பிப்ரவரியில் செத்தவருக்கு மே மாதம் அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். வடக்கு டகோட்டாவில் குளிரில் இறுகிய மண் இளகினால்தான் குழி தோண்ட முடியும், அதனால் இதெல்லாம் எங்களுக்குப் பழக்கம். கல்லூரி டீன் போன் பண்ணி, "நீங்களும் மூணு நிமிஷம் பேசணும் லவோன். சிரிக்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்க," என்றார். வாயில் நன்றாக வந்தது. அடக்கிக்கொண்டேன். என்னிடம் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்றுதான் இருந்தது, அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

நாடகமும் தொடர்பியலும் சேர்ந்த அந்தத் துறையின் அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டியவள் நான். அதற்கு முன்னால், இப்போது செத்துப்போன ஓரின் ஹெல்கெசன் சாரின் மாணவி. மேடையில் ஏறினால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மரக்கட்டை மாதிரி நிற்பேன். இரண்டாவது வாரமே என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உனக்கு நடிப்பு வராதும்மா. மறைச்சுப் பேசி என்ன பண்ண? ஆனா பொறுமை இருக்கு. புத்தகத்தைப் பிடி," என்றார். அன்றிலிருந்து ஒத்திகையில் வசனம் எடுத்துக் கொடுப்பது என் வேலை.

அதற்கு அவர் வைத்த சட்டம் கடுமையானது. நடிகன் மறந்து திணறினாலும் அவனாகக் கேட்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. அவன் விரலைச் சொடுக்கி "வசனம்" என்று கேட்டால் அடுத்த நொடி கொடுக்க வேண்டும், புத்தகத்தில் இருப்பதை இருக்கிறபடி. "பாவம்னு நினைச்சு ஒரு வார்த்தை மாத்திடாதே. நீ எதைக் கொடுக்கறியோ அதை நம்பி அவன் நடப்பான்," என்பார்.

எல்லாப் பிள்ளைகளும் கட்டாயம் படித்தாக வேண்டிய மேடைப்பேச்சு வகுப்பையும் அவர்தான் எடுத்தார். பண்ணை வீட்டுப் பையன்கள் பயத்தில் கழிவறைக்கு ஓடுவார்கள். டுவேன் என்று ஒருத்தன், பேச விஷயமே இல்லை என்று அழுதான். "நேத்து காலையில என்னடா பண்ணினே?" என்று கேட்டார். "கன்னுக்குட்டி வெளிய வரல சார், கையை விட்டு இழுத்தேன்." "அதைச் சொல்லு!" டுவேன் சொன்னான். வகுப்பில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள், அவனுக்கு முதல் மதிப்பெண். அந்த வருஷம் முழுக்க எங்கள் ஊரில் இதுதான் பேச்சு.

சாருக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவி ஆர்டிஸ் மட்டும்தான். ஆர்டிஸுக்குப் பனிக்கட்டி என்றால் உயிர்ப்பயம், ஒருமுறை வழுக்கி இடுப்பை முறித்துக்கொண்டவர். குளிர்காலத்தில் நாடகத்துக்கு வந்தால் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார். சார் ஒத்திகையை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடுவார், கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வர. "உங்க பொண்டாட்டி என்ன கண்ணாடியா?" என்று நாங்கள் கேலி செய்வோம். "ஆமா, போங்கடா," என்பார்.

ஓய்வு பெற்றபின் அவருக்கு ஞாபகம் தப்பத் தொடங்கியது. ஆர்டிஸ் சமாளித்துக்கொண்டிருந்தார். போன அக்டோபரில் ஆர்டிஸ் போய்ச் சேர்ந்தார், சாரை முதியோர் இல்லத்தில் விட வேண்டியதாயிற்று. நான் செவ்வாய்தோறும் போவேன். என் பெயர் அவருக்கு மறந்துவிட்டது, ஆனால் நான் புத்தகம் பிடிப்பவள் என்பது மறக்கவில்லை. கரண்டியைக் காட்டிச் சொடுக்குவார். "வசனம்." "கரண்டி, சார்." "நன்றி."

முதல் செவ்வாயே கேட்டார். "ஆர்டிஸ் எங்கே? வசனம்."

சட்டப்படி கொடுத்தேன். "ஆர்டிஸ் இறந்துட்டாங்க சார். அக்டோபர்ல."

அப்போதுதான் முதல்முறை கேட்பதுபோல் அலறினார். பத்து நிமிஷத்தில் மறந்துபோய் மறுபடி சொடுக்கினார். மறுபடி சொன்னேன். மறுபடி அலறல். இப்படிப் பதினைந்து செவ்வாய்க்கிழமைகள், ஐயோ, எத்தனை தடவை ஆர்டிஸை நான் அவருக்கு முன்னால் சாகடித்தேன்! அங்கிருந்த நர்ஸ் பொறுக்காமல், "ஏங்க இப்படிக் கொல்றீங்க? ஒரு பொய் சொல்லுங்களேன், என்ன குடிமுழுகிப் போயிடும்?" என்று திட்டினாள்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய், மதியம் இரண்டு மணி. சாப்பாட்டு மேஜையில் உருளைக்கிழங்கு ஆறிக்கொண்டிருந்தது. சொடுக்கினார். "ஆர்டிஸ் எங்கே? வசனம்."

என்னால் முடியவில்லை. "காரை நிறுத்திட்டு வர்றாங்க சார்," என்றேன்.

அந்த முகம் மலர்ந்த மலர்ச்சியை எப்படிச் சொல்ல! கிழங்கு முழுவதையும் சாப்பிட்டார். என் கையைத் தட்டிக் கொடுத்தார். நர்ஸும் சிரித்தாள். இத்தனை நாள் இதைச் செய்யாமல் போனோமே என்று நான் பாட்டுப் பாடிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். முட்டாள். அவர் காரைத் தேடிப் போவார் என்று அந்த இல்லத்தில் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

சாமான் இறக்கத் திறந்த சமையலறைக் கதவு வழியாகப் போயிருக்கிறார், கோட் இல்லாமல், வீட்டுச் செருப்போடு. மைனஸ் இருபத்தாறு டிகிரி. வாகனங்கள் நிறுத்தும் இடத்தில், யாருடையதோ ஒரு நீலக் காருக்குப் பக்கத்தில் கிடந்தார். கதவைச் சாத்தாமல் விட்டதாகச் சொல்லிச் சமையல்காரப் பெண்ணை வேலையை விட்டுத் தூக்கினார்கள். நர்ஸ் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

அதைச் சொல்லத்தான் மேடை ஏறினேன். அரங்கு நிறைந்திருந்தது. முந்நூறு பேர் இருப்பார்கள், பாதிக்கு மேல் அவர் மாணவர்கள். எனக்கு முன்னால் பேசிய டுவேன் கன்றுக்குட்டிக் கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்திருந்தான்.

"அன்னிக்கு மத்தியானம் நான் சார்கிட்ட..." என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான். நாக்கு ஒட்டிக்கொண்டது. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒருவரும் அசையவில்லை, ஒரு வார்த்தை கொடுத்து உதவவில்லை. உதவ மாட்டார்கள். கேட்கும்வரை காத்திருக்கச் சொல்லித்தானே அவர் எங்களை வளர்த்தார்!

வேறு வழி தெரியாமல் விரலைச் சொடுக்கினேன். "வசனம்," என்றேன்.

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. சிரித்தார்கள், அழுதார்கள், சீட்டியடித்தார்கள். டீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டார். கீழே காப்பி மேஜைப் பக்கம் டுவேன் என்னைக் கட்டிப் பிடித்தான்.

"பிரமாதம் லவோன்! அவரையே நேர்ல பார்த்த மாதிரி இருந்துச்சு. இதுக்கு மேல யாரும் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்ல."