கேட்டில் கட்டிய வேப்பிலை

மன்னிப்பது பெரிய குணம் என்று சொல்பவர்கள் யாரும் கொரோனா காலத்தில் குழந்தைகள் காப்பகம் நடத்தியவர்களாக இருக்க முடியாது. நான் நடத்தினேன். தஞ்சாவூரில், புது ஆற்றை ஒட்டிய ஒரு தெருவில், வாடகை வீட்டின் கீழ்ப்பகுதியில். மாடியில் வீட்டுக்காரர் குடியிருந்தார். அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை, மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. அவருக்கு நான் செய்ததை நினைத்துக்கொண்டு படுத்தால் எனக்கு நன்றாகவே தூக்கம் வருகிறது.

எங்களிடம் பிள்ளைகளை விட்டவர்கள் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவர்கள், கூட்டுறவு சங்கத்தில் கணக்குப் பார்க்கிறவர்கள், ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள். ஊரடங்கு வந்ததும் எல்லாம் நின்றுபோனது. தூளிகளை அவிழ்த்து மடித்து வைத்தேன். ஆயாம்மா மட்டும், பஸ் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து, கண்டியூர்ப் பக்கத்திலிருந்து வாரம் ஒரு தடவை வந்து பூட்டின அறையைத் திறந்து பெருக்கிவிட்டுப் போவார். "பிள்ளைங்க இல்லாத வூட்ட அப்படியே போட்டு வைக்கக் கூடாது மிஸ்" என்பார். எனக்கும் வேறு தொழில் தெரியாது. நடுவில் அப்பளம் போட்டு விற்கலாம் என்று பார்த்தேன். அப்பளம் என்னைப் பார்த்துச் சிரித்தது.

காப்பகங்களைத் திறக்கலாம் என்று அனுமதி வந்தபோது எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகமாக வந்தது. எப்படித் திறப்பது என்று கைபிடித்துச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு நர்ஸ். அவருடைய மூன்று வயது மகள் எங்களிடம் வளர்ந்த பிள்ளை. ஆஸ்பத்திரியில் டியூட்டி முடிந்த களைப்போடு வருவார், வாசலிலேயே நின்று வேலை சொல்வார். ஜன்னல் திரைகளைக் கழற்றச் சொன்னார். இரண்டு அறையிலும் பிள்ளைகளைப் பிரித்து வைத்து, ஒரு அறைப் பிள்ளைகளை இன்னொரு அறையோடு கலக்கவே கூடாது என்றார். பஞ்சு பொம்மைகளை மூட்டை கட்டிப் பரணில் போடச் சொன்னார். வாசலில் குறுக்கே ஒரு கயிறு, அதைத் தாண்டிப் பெற்றவர்கள் வரக் கூடாது. குழாயடியில் சோப்பை வலைப்பையில் போட்டுப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கவிட்டோம். நெற்றிக்கு நேரே பிடித்துக் காய்ச்சல் பார்க்கும் கருவியையும் அவரே வாங்கிக் கொடுத்தார். ஊரில் வேறு இடங்களில் இப்படிக் காப்பகம் வைத்திருந்த பெண்கள் போனில் கேட்டால் அவர்களுக்கும் பொறுமையாகச் சொல்வார்.

"திறக்கறது பெரிசில்ல மிஸ். பெத்தவங்களுக்கு நம்பிக்கை வரணும். ஒரு தடவ பயந்துட்டாங்கன்னா அப்புறம் வரமாட்டாங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

வீட்டுக்காரர் பேங்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் நிலம் இருந்த குடும்பம், நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு டவுனுக்கு வந்தவர்கள். எதற்கெடுத்தாலும் சயின்ஸ் என்பார். நாங்கள் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவிய பிளாஸ்டிக் பொம்மைகளை மொட்டை மாடியில் காயவைத்தபோது, "கிருமியைக் கொண்டாந்து என் மாடியில வத்தல் போடறீங்களா?" என்று கேட்டார். நர்ஸ் மகள் வரப்போகிறாள் என்று தெரிந்ததும் நேராகக் கீழே இறங்கி வந்தார்.

"ஆஸ்பத்திரிக்காரி பிள்ளைய உள்ள விடறதும், வியாதிய வெத்தலபாக்கு வச்சு அழைக்கறதும் ஒண்ணுதாம்மா. இந்த மாசத்துக்குள்ள பழையபடி பிள்ளைங்க வந்தாச்சுன்னா பாப்போம். இல்லேன்னா இடத்தக் காலி பண்ணிக் குடுத்துடுங்க. லேப் வைக்க ஆள் கேட்டுட்டிருக்காங்க."

ரத்தம் கொடுக்கவும் சளி கொடுக்கவும் நோயாளிகள் வரிசையில் நிற்கப்போகிற லேபைப் பற்றி அவருக்குப் பயமில்லை. மூன்று வயதுக் குழந்தையைப் பற்றித்தான் பயம்.

அடுத்த நாள் நர்ஸ் மகளோடு வந்து கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று என்னோடு பேசிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் ஒரு டப்பாவோடு வந்தார். குழந்தை நின்றுகொண்டிருந்த இடத்தைச் சுற்றி ப்ளீச்சிங் பவுடரைத் தூவினார். குழந்தை தள்ளி நின்றதும், அது முதலில் நின்ற இடத்திலும் தூவினார். குழந்தை அந்த வெள்ளைப் பொடியை ஆசையாகப் பார்த்தது.

"தாத்தா கோலம் போடறாங்களாம்மா?"

நர்ஸ் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனார். இந்த ஆளை எப்படியாவது நாலு பேர் நடுவில் தலைகுனிய வைக்க வேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன். எப்படி என்றுதான் தெரியவில்லை. வழியை அவரே காட்டிக்கொடுத்தார்.

திறக்கும் நாள் காலையில் நான் வந்தபோது கேட்டில் ஒரு கொத்து வேப்பிலை கட்டியிருந்தது. அதோடு மஞ்சள் நனைத்த துணித்துண்டு ஒன்று. ஆடி முடிந்துவிட்டது, கோயில் திருவிழா வேப்பிலை என்று சொல்லவும் வழியில்லை. வீட்டு வாசலில் அப்படிக் கட்டியிருந்தால் உள்ளே யாருக்கோ அம்மை போட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த வீட்டுப் படியை வெளியாள் மிதிக்க மாட்டார்கள்.

முதலில் வந்த அம்மா ஸ்கூட்டி இன்ஜினை அணைக்காமலேயே காலை ஊன்றிப் பார்த்தார். பின்னால் உட்கார்ந்திருந்த மகனின் முகத்தைக் கையால் மூடிவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அடுத்து வந்த அப்பா, "அம்மையா மிஸ்? போன்ல சொல்லியிருக்கலாமே" என்று கோபித்துக்கொண்டு போனார். மத்தியானத்துக்குள் எல்லா வீடுகளுக்கும் செய்தி போய்விட்டது. கொரோனாவுக்காவது மாஸ்க் இருந்தது. இதற்கு என்ன சொல்வது?

அதைப் பிய்த்துப் போடப் போனேன். ஆயாம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் மிஸ். ஆத்தா பேர்ல கட்டுனது. யாரு கட்டுனாங்களோ அவங்க கையாலதான் அவுக்கணும். நீங்க அவுத்தீங்கன்னா நான் இந்தப் பிள்ளைங்கள தொட்டுத் தூக்க மாட்டேன், குத்தமாயிடும்."

ஆயாம்மா இல்லாமல் காப்பகம் இல்லை. விட்டுவிட்டேன். இரண்டு நாளில் இலை வாடியது. மறுநாள் காலையில் அதே இடத்தில் புதுக் கொத்து. அப்போதுதான் அதைக் கட்டியிருந்த கம்பியைப் பார்த்தேன். பச்சை உறை போட்ட மெல்லிய கம்பி, முனையைக் கட்டிங் பிளேயரால் முறுக்கி விட்டிருந்தது. நிமிர்ந்து மேலே பார்த்தேன். மாடிக் கைப்பிடிச் சுவரில் வீட்டுக்காரர் ஆசையாக வளர்க்கும் ரோஜாத் தொட்டிகள். ஒவ்வொரு செடியும் அதே பச்சைக் கம்பியால், அதே முறுக்கோடு குச்சியில் கட்டியிருந்தது. பின்பக்க வேப்பமரத்தில் மாடிக்கு எட்டுகிற கிளையில் ஒடித்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. சயின்ஸ் பேசுகிற மனிதருக்கு மாரியாத்தா துணை தேவைப்பட்டிருக்கிறது.

மேலே போய்க் கத்தியிருக்கலாம். கத்தினால் "நான் இல்ல" என்பார், முடிந்தது. அதனால் கத்தவில்லை. அவர் கட்டிய பொய்யை மெய்யென்றே எடுத்துக்கொண்டேன். கேட் ஒன்றுதான், கீழ் வீட்டுக்கும் மாடி வீட்டுக்கும் பொது. பால்காரரிடம், "அம்மை போட்ட வீடுங்க, மேலயும் போகாதீங்க" என்றேன். பூக்காரம்மாவிடமும், இஸ்திரி போடுகிறவரிடமும், மேல்வீட்டில் சமைக்க வருகிற அக்காவிடமும் அதையே சொன்னேன். எல்லோரும் கேட்டைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். தெருப்பெண்கள் காலையில் கேட்டடியில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிச் சூடம் ஏற்றிவிட்டுப் போகத் தொடங்கினார்கள். பேங்க் அதிகாரி பால் பாக்கெட்டுக்காகத் தெருக்கோடி வரை நடந்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே டீ குடித்தேன். அந்த டீக்கு இருந்த ருசியை மறக்க முடியாது.

அவர் ஏன் அப்போதே அவிழ்க்கவில்லை என்றால், ராத்திரியில் கேட்டுக்குள் இருப்பது அவர் குடும்பம் மட்டும்தான், அவிழ்த்தால் கட்டியது யார் என்று தெரிந்துவிடும். அவருக்கும் அது புரிந்திருந்தது. ஆனால் அவருக்கு ஒரு அவசரம் வந்தது. வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கெழம கும்மோணத்துலேர்ந்து பொண்ணு வீட்டுக்காரங்க வீடு பாக்க வராங்க. பையனுக்கு முடிஞ்சிடும் போலருக்கு. வாசல்ல கயிறு, வாளி எதுவும் இருக்கக் கூடாது."

"சரிங்க சார்" என்றேன்.

அன்று மாலையே எல்லாப் பெற்றோருக்கும் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை வாருங்கள், பிள்ளைகளை அழைத்து வர வேண்டாம், உள்ளேயும் வர வேண்டாம், தெருவில் நின்றே ஏற்பாட்டைப் பாருங்கள், வேப்பிலைக்கும் விளக்கம் சொல்கிறேன் என்றேன். நர்ஸுக்கு மட்டும் முழு விஷயத்தையும் சொன்னேன்.

"வேணாம் மிஸ். அந்தப் பையன் என்ன பண்ணான், பாவம்."

"கோலமான்னு உங்க பொண்ணு கேட்டுச்சே. அதுக்கு என்ன பதில் சொன்னீங்க சிஸ்டர்?"

ஞாயிற்றுக்கிழமை நர்ஸ் வந்தார்.

அன்று விடியும்போதே நானும் ஆயாம்மாவும் கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டோம். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரர் மெல்ல இறங்கி வந்தார். கையில் கட்டிங் பிளேயர். எங்களைப் பார்த்ததும் அதைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"என்ன சார், ரிப்பேரா?"

"ஒண்ணுமில்ல. பைப்பு..."

மேலே போய்விட்டார். மறுபடி ஒரு தடவை இறங்கினார். அப்போது தெருப்பெண்கள் சூடம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினார். வேறு வழி?

பெற்றோர்கள் தெருவில் தள்ளித் தள்ளி நின்றிருந்தபோது கார் வந்தது. பெண்ணின் பெரியம்மா முன்னால் இறங்கினார். பின்னால் தாம்பாளத்தில் பூவும் பழமும் கும்பகோணம் வெற்றிலையும் வந்தன. பெரியம்மா கேட்டைப் பார்த்தார், அங்கேயே நின்றுவிட்டார்.

"யாருக்கு ஆத்தா வந்திருக்கு?"

"எனக்குத் தெரியாதுங்க. நாங்க கட்டல" என்றேன். சத்தியமான வார்த்தை.

வீட்டுக்காரர் மாடியிலிருந்து ஓடி வந்தார். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, வாங்க, உள்ள வாங்க."

"ஒண்ணுமில்லாத வீட்டுல யாருங்க வேப்பிலை கட்டுவா? மஞ்சத் தண்ணி வேற ஊத்தி, சூடம் ஏத்தியிருக்கு."

அவர் என் பக்கம் கையைக் காட்டினார். "கீழ காப்பகம் வச்சிருக்காங்க. இவங்கதான்..."

அதுவரை எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்திருந்தால் அது அந்தக் கையோடு போயிற்று. எழுந்து போய்ப் பச்சைக் கம்பியைத் தொட்டுக் காட்டினேன். "சார், இது உங்க ரோஜாச் செடிக்குக் கட்டுற கம்பியாச்சே?"

எல்லோரும் நிமிர்ந்து மாடியைப் பார்த்தார்கள். ரோஜாக்கள் நன்றாகப் பூத்திருந்தன. ஒவ்வொன்றிலும் பச்சைக் கம்பி. பிறகு எல்லோருடைய கண்ணும் அவர் சட்டைப் பைக்கு இறங்கியது. கட்டிங் பிளேயரின் சிவப்புப் பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"நீங்களா கட்டுனீங்க?" என்றார் பெரியம்மா.

"ஆமா."

"எதுக்கு?"

அவர் சட்டைப் பையை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார். தெருவே காத்திருந்தது. அந்தக் கேள்விக்கு ஊரில் ஒருவருக்கும் சொல்லக்கூடிய பதில் அவரிடம் இல்லை. நர்ஸ்தான் சொன்னார், சத்தம் உயராமல்: "என் பொண்ணு இங்க வரக் கூடாதுங்கறதுக்குங்க. நான் கொரோனா வார்டுல வேலை பாக்கறேன்."

பெரியம்மா நர்ஸை ஒரு தடவை பார்த்தார். வீட்டுக்காரரைப் பார்க்கவில்லை. "ஆத்தா பேரச் சொல்லிப் பிள்ளைய வெரட்டற வீட்டுக்கு எங்க பொண்ண எப்படிங்க அனுப்பறது?" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். தாம்பாளம் வந்தபடியே திரும்பிப் போனது.

ஆயாம்மா ஸ்டூலை விட்டு எழுந்துகொள்ளவே இல்லை. "கட்டுனவங்க கையாலதான் அவுக்கணும் சார்" என்றார். வீட்டுக்காரர் பிளேயரை எடுத்தார். முறுக்கு இறுகியிருந்ததால் கம்பி சட்டென்று வெட்டுப்படவில்லை. அவருக்கு உதவ யாரும் போகவில்லை, நானும் போகவில்லை. அந்தப் பையனுக்கு அப்புறம் வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. நன்றாக இருக்கட்டும். அப்பாவுக்காக நான் ஒரு சொட்டுக்கூட வருந்தவில்லை.

திங்கட்கிழமை பிள்ளைகள் வந்தார்கள். எல்லோரும் இல்லை, ஆனால் இரண்டு அறையிலும் சத்தம் கேட்டது. கயிற்றுக்கு வெளியே வரிசையில் நிறுத்தி ஒவ்வொரு நெற்றியாகக் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் தெருக்கோடியிலிருந்து பாலோடு வந்தார். கயிற்றைத் தூக்கிக் குனிந்து நுழையப் பார்த்தார்.

"உள்ள வர்ற எல்லாருக்கும்தான் சார். வரிசையில வாங்க."

அவருக்கு முன்னால் நர்ஸின் மகள் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் அவர் நின்றார். முறை வந்ததும் தலையைக் குனிந்து நெற்றியைக் காட்டினார். தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் கருவியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குழந்தை அவர் காலடியைக் குனிந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டது:

"மிஸ், இன்னைக்குத் தாத்தா கோலம் போடலயா?"

"இல்லடா கண்ணு. இனிமே போடமாட்டாங்க" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். "காய்ச்சல் இல்ல சார். போங்க."