பின்னால் போகிற ஆறு

என் மனைவி கல்கத்தாவில் வளர்ந்தவள். அவள் அப்பாவுக்கு அங்கே துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. கல்யாணமான புதிதில் ஒருநாள், ஆரணியில் எங்கள் வீட்டார் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "எங்க ஊர்ல தெனம் ரெண்டு வேளை ஆறு பின்னால போகும்" என்றாள்.

எங்கள் ஆற்றில் மழைக்காலம் தவிர மணல்தான். நானோ கணக்கு வாத்தியார். "மேட்டுல எப்படி ஏறும்? சைக்கிள் மிதிச்சிகினு போவுமா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அது வீட்டில் நிலைத்துவிட்டது. குழம்பில் உப்பு கூடினாலும் சாவி தொலைந்தாலும், "ஆறு பின்னால போற ஊராச்சே" என்பேன். கொஞ்ச காலத்தில் அந்த ஊரைப் பற்றிப் பேசுவதையே அவள் விட்டுவிட்டாள்.

இதைவிடக் கேவலமான ஒன்றைச் சொல்லவேண்டும். பள்ளி நூலகத்திலிருந்து கொண்டுவந்த ஒரு புத்தகத்தில், கடல் பொங்கும்போது அந்த ஆற்றுத் தண்ணீர் எதிர்த்திசையில் ஓடும் என்று படித்தேன். அந்தப் புத்தகத்தைப் பீரோ மேல் பழைய பேப்பர்களுக்கு அடியில் தள்ளினேன். அவளிடம் சொல்லவில்லை. கேலியையும் நிறுத்தவில்லை.

அவள் காலமாகி மூன்று வருடம். சென்ற தை மாதம் எங்கள் சர்ச் சபையார் கல்கத்தாவுக்குச் சுற்றுலா போனார்கள், நானும் சேர்ந்துகொண்டேன். வெள்ளைக் குவிமாடத் தபால் நிலையம், செங்கல் நிறத்தில் தெரு நீளத்துக்கு ஓர் அலுவலகம், இரண்டு பழைய தேவாலயங்கள் என்று காட்டினார்கள். அவள் ஞானஸ்நானம் பெற்றது எதில் என்று எனக்குத் தெரியாது. இரண்டிலும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தேன்.

பிற்பகலில் மற்றவர்கள் புடவை வாங்கக் கிளம்பினார்கள். "ஆரணியிலேர்ந்து வந்து இங்க புடவையா?" என்று ஒருவர் மட்டும் முனகிக்கொண்டே போனார். நான் படித்துறையில் இருந்துவிட்டேன். ஆகாயத்தாமரைக் கொத்துகள் கடல் பக்கம் மிதந்துகொண்டிருந்தன. கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாகி, கொத்துகள் நின்றன. அரை மணி நேரம் எதுவும் அசையவில்லை. பிறகு ஒவ்வொன்றாக வந்த வழியே, பெரிய பாலத்தை நோக்கிக் கிளம்பின. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். குளித்துவிட்டுத் துணி பிழிந்துகொண்டிருந்தவருக்கு என் பாஷை தெரியாது.

மகளுக்கு போன் செய்தேன்.

"அம்மா சொன்னது நெஜம்மா. ஆறு பின்னாலதான் போவுது."

"இப்பதான் தெரியுமாப்பா உங்களுக்கு?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது.

"இல்லம்மா. ரொம்ப வருஷமா தெரியும். படிச்சேன். சொல்லல."



"அம்மாவுக்கும் தெரியும்பா. பீரோ மேல தூசி தட்டறது யாரு, நீங்களா? புக்கை என்கிட்ட காட்டினாங்க. அப்பாவே ஒருநாள் சொல்லட்டும், நீ கேக்காதேன்னாங்க."

போனைக் கையில் வைத்துக்கொண்டு, கடைசிக் கொத்து பாலத்துக்கு அடியில் போகும்வரை உட்கார்ந்திருந்தேன்.